மணல் மூட்டையோட மலையேறின கரி பஸ்

முதல்லயே சொல்லிப்புடுறேன் தம்பி, பேய் பிசாசுன்னு எவனாவது பேச ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிடுற ஆளு நான். குமுளி மலையில நான் பஸ் ஓட்டுன காலத்துல, இந்த வளைவுல வெள்ளைச் சீலைக்காரி நிக்கிறா, அந்தப் பாலத்தடியில குழந்தை அழுவுதுன்னு கூட ஓட்டுற டிரைவருக சொல்லுவாக. "நின்னா டிக்கெட் போட்டு ஏத்திக்கங்கடா, காலி சீட்டு கிடக்குதுல்ல"ன்னு கேலி பண்ணுனவன் நான். அதனால இப்ப நான் சொல்றதை நீங்க நம்பலேன்னா எனக்குக் கோவம் வராது, உங்க இடத்துல நான் இருந்தா நானும் நம்ப மாட்டேன். ஆனா நடந்துச்சு. அதுவும் ராத்திரி இல்ல, இருட்டு இல்ல, பட்டப்பகல்ல, ஒரு ஆபீசர் எனக்குப் பக்கத்துல உக்காந்திருக்கும்போது நடந்துச்சு.

அது ரெண்டாம் உலகச் சண்டைக் காலம். பெட்ரோலுக்குக் கூப்பன், கூப்பனுக்கும் பெட்ரோல் கிடைக்காது. பாதி பஸ்ஸுக ஷெட்டுல கோழி அடைஞ்சு கிடந்துச்சு. அப்பத்தான் கரி பஸ் வந்துச்சு. பஸ்ஸுக்குப் பின்னால ஆளு உசரத்துக்கு ஒரு இரும்புப் பீப்பாயை மாட்டி, அதுல அடுப்புக்கரியைக் கொட்டிப் பத்த வச்சு, கைப்பிடியைச் சுத்திச் சுத்திக் காத்துத் தள்ளுனா ஒரு கேஸ் வரும். அந்தக் கேஸுல இன்ஜின் ஓடும். ஓடும்னுதான் பேரு. தரையில ஓடும், மேடு வந்தா மூச்சு வாங்கும். குமுளி மலை வந்துருச்சுன்னா எல்லாரும் கீழ இறங்கித் தள்ளணும். டிக்கெட்டும் வாங்கிக்கிட்டு வண்டியும் தள்ளச் சொல்றீங்களாடான்னு சனம் வாயில வந்ததைச் சொல்லித் திட்டும்.

எங்க முதலாளி போடியில ஏலக்காய் வியாபாரி. அவுக புதுசா ஒரு பஸ்ஸை வாங்கித் தேனியில பாடி கட்டி, அதுல கரி பீப்பாயும் மாட்டுனாக. குழாயை எப்படி வளைக்கணும், வடிகட்டியை எங்கன வைக்கணும்னு மெக்கானிக்கோட மல்லுக்கட்டி, பிரிச்சு மாட்டி, திரும்பப் பிரிச்சு மாட்டி, அந்த வண்டியை நான் என் புள்ளையாட்டம் பாத்தேன். ஒரு ஆளு இறங்காம, ஒரு கை தள்ளாம, முழு லோடோட இது மலை ஏறும்னு முதலாளிகிட்டச் சொன்னேன். அவுக சிரிக்கல. "ஏலே, நீ சொல்றதை நம்பித்தான் டெஸ்ட்டுக்கு விடுறேன். ஏறலேன்னா வண்டியை வித்துப்புட்டு ஏலக்காயோட கிடந்துக்குவேன். நீயும் வீரணனும் வேற பொழப்பைப் பாத்துக்கங்க"ன்னு சொல்லிப்புட்டாக.

வீரணன் எங்க கண்டக்டர். வடுகபட்டிக்காரன், கம்பம் பக்கத்துக்குப் புதுசு. வாய் சும்மா இருக்காது. அவனுக்கு அப்பத்தான் கலியாணம் பேசி முடிச்சிருந்தாக. கண்டக்டர் வேலை போச்சுன்னா பொண்ணும் போச்சுன்னு அவனுக்குக் கிலி. எனக்கு வேற மாதிரி. இந்த வண்டி இல்லேன்னா திரும்ப அண்ணனோட மாட்டு வண்டிதான். அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, அவரு சிரிப்பாரே, அதைத்தான் என்னால தாங்க முடியாது.

வண்டியைச் சோதிச்சு ஓட விடுற சர்க்கார் ஆளு, பிரேக் இன்ஸ்பெக்டர், அவரு போட்ட கண்டிசன் இதுதான். எல்லா சீட்டுலயும் ஆளுக்குப் பதிலா மணல் மூட்டை. மலையடிவாரத்து லோயர் கேம்ப்புல எடுத்தா உச்சியில குமுளி போற வரைக்கும் நடுவுல நிக்கக் கூடாது. நின்னா ஃபெயில். காரணம் இருக்கு. கரி பஸ் மேட்டுல நின்னுச்சுன்னா கேஸ் செத்துப் போகும், முழு லோடோட திரும்ப எடுக்கிறது லேசுப்பட்ட காரியமில்ல, பின்னால உருண்டுச்சுன்னா பள்ளத்துல போயித்தான் நிக்கும். ஏறி முடிச்சதும் அதே லோடோட இறங்கிப் பிரேக்கையும் காட்டணும்.

கூலிக்கு ஆள் வைக்க முதலாளிக்கு மனசு வரல. அதனால நானும் வீரணனுமே காலையில கூடலூருக்கு இங்கிட்டு ஆத்தோரமா வண்டியை நிறுத்தி மணல் அள்ளுனோம். ஒரு எடத்துல மணல் மேடு மேடா, பொலபொலன்னு இருந்துச்சு, யாரோ ஏற்கெனவே வெட்டிப் போட்ட மாதிரி. மம்பட்டியை வச்சாலே சாக்குல விழுந்துச்சு. ரெண்டு பேருக்கும் சந்தோசம். வீரணனுக்கு உற்சாகம் வந்துருச்சு. ஸ்டாண்டுல கத்துவானே, அந்தத் தொண்டையில, அந்த ஆத்தங்கரையில நின்னுக்கிட்டு, "குமுளி, குமுளி, குமுளி! ஏறுங்க, ஏறுங்க! எடம் இருக்கு, எல்லாரும் ஏறுங்க!"ன்னு கத்துறான். ஒவ்வொரு மூட்டையா தூக்கிட்டு வந்து, "ஆத்தா, நீங்க பொம்பளைக சீட்டுல உக்காருங்க, அய்யா, நீங்க ஜன்னலோரம்"னு உக்கார வைக்கிறான். நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்ணுவேன்?

ஒண்ணு மட்டும் அப்பவே உறுத்துச்சு. தம்பி, வண்டி ஓட்டுறவனுக்கு முதுகுல கண்ணு இருக்கும். ஒரு ஆளு படியில கால் வச்சா வண்டி அந்தப் பக்கம் லேசா அமுங்கும், இறங்குனா எந்திரிக்கும். ஏறுனது தடியனா நோஞ்சானான்னு திரும்பிப் பாக்காமலே சொல்லுவேன். அன்னைக்கு மூட்டை எல்லாம் ஏத்திட்டு நான் என் சீட்டுல உக்காந்தப்ப, வண்டி மூட்டைக் கனத்துக்கு மட்டும் அமுங்கல, அதைவிட அமுங்கி இருந்துச்சு. ஈர மணல்னு நினைச்சுக்கிட்டேன்.

லோயர் கேம்ப்புல இன்ஸ்பெக்டர் ஏறி என் பக்கத்துல உக்காந்தாரு. வீரணன் வெளியில எனக்குப் பக்கத்துப் படியில தொத்திக்கிட்டான், கையில மரக்கட்டை. வண்டி பின்னால உருண்டா சக்கரத்துக்கு அடியில போட. உள்ள மூட்டையைத் தவிர ஈ காக்கா கிடையாது. இதை நல்லா மனசுல வச்சுக்கங்க. இன்னொண்ணு, எங்க பஸ்ஸுல மணிக்கயிறு கூரையோரமா முன்னால இருந்து பின் சீட்டு வரைக்கும் ஓடும். ஒரு மணி அடிச்சா நிறுத்து, ரெண்டு மணி அடிச்சா போ. குலுக்கல்ல மணி அடிச்சு எனக்குக் கவனம் சிதறக் கூடாதுன்னு அன்னைக்குக் காலையில நானே கயித்தைச் சுருட்டி ஆணியில கட்டி வச்சிருந்தேன்.

ஏறுனோம். முதல் கியர்ல, மாடு செக்கு இழுக்கிற மாதிரி, நிதானமா, விடாம. இன்ஜின் சத்தத்துல ஒரு சுருதி மாறுனாலும் எனக்குத் தெரியும், மாறல. இன்ஸ்பெக்டர் கூட லேசா தலையாட்டுனாரு. பாதி மலை தாண்டி, பலாமர வளைவுன்னு ஒண்ணு இருக்கு, பெரிய பலா மரம், அங்கன இருந்துதான் எஸ்டேட்டுக் கூலிக்காரக குடியிருக்கிற லயத்துக்கு ஒத்தையடிப் பாதை பிரியும். அந்த வளைவு கண்ணுக்குத் தெரிஞ்சதும், டிங்னு ஒரு மணி.

ஒரே ஒரு மணி. இறங்கணும்னு பயணி அடிக்கிற மணி.

என் கால் பழக்கத்துல பிரேக்குக்குப் போயிருச்சு தம்பி. தொட்டிருந்தா அத்தோட எல்லாம் முடிஞ்சது. பல்லைக் கடிச்சுக்கிட்டுக் காலை எடுத்தேன். "யாரப்பா மணி அடிக்கிறது? நிறுத்தப் போறியா?"ன்னு இன்ஸ்பெக்டர் கேட்டாரு. "நிறுத்த மாட்டேன் சார்"னு சொன்னேன். வளைவு திரும்புறப்ப திரும்பவும் டிங். பலா மரத்தைத் தாண்டுனோம், டிங், டிங்னு விட்டு விட்டு வருது. படியில நின்ன வீரணன் என் ஜன்னலுக்குள்ள எட்டிப் பாக்குறான், அவன் மூஞ்சியில ரத்தம் இல்ல. நான் ரோட்டைத் தவிர வேற எதையும் பாக்கல. எவன் அடிச்சாலும் சரி, எவ அடிச்சாலும் சரி, இந்த வண்டி நிக்காதுன்னு எனக்குள்ளேயே சொல்லிக்கிட்டு ஏறுனேன். மரம் தூரமாப் போகப் போக மணி அவசரமாச்சு, அப்பறம் மெதுவாச்சு, கெஞ்சுற மாதிரி ஒண்ணு அடிச்சுச்சு, அப்பறம் நின்னு போச்சு.

குமுளியில போயி நிறுத்துனதும் முதல் வேலையா உள்ள போயிப் பாத்தேன். ஆணியில நான் போட்ட முடிச்சு அவுந்து, கயிறு பின் சீட்டு வரைக்கும் நீளமாத் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. "குலுக்கல்ல அவுந்திருக்கும், மூட்டையில மாட்டி இழுத்திருக்கும்"னு இன்ஸ்பெக்டர் சொன்னாரு. சரின்னுட்டேன், நானும் அப்படித்தான் நினைக்க விரும்புனேன். இறங்குறப்ப மணியே அடிக்கல. பலா மரத்தைத் தாண்டுறப்பவும் அடிக்கல. பின்னால அத்தனை பேரு கோவிச்சுக்கிட்டு வாயை மூடிட்டு உக்காந்திருக்கிற மாதிரி ஒரு அமைதி. பிரேக்கும் பாஸ். கூடலூர்ல இன்ஸ்பெக்டர் இறங்கி, என் கையைக் குலுக்கிட்டு, அங்க வந்து காத்திருந்த தன் கார்ல கம்பத்துக்குப் போயிட்டாரு.

வேலை தப்பிச்சது, வண்டி தப்பிச்சது. நானும் வீரணனும் குதிச்சிருக்கணும், குதிக்கல. ரோட்டோரம் அவிச்ச கடலை விக்கிற பேச்சியக்கா கடைக்குப் போனோம். அக்கா வண்டிக்குள்ள மூட்டையைப் பாத்துட்டு, "எங்கன அள்ளுனீக?"ன்னு கேட்டுச்சு. எடத்தைச் சொன்னேன். கடலை அளந்துக்கிட்டு இருந்த படியை அப்படியே கீழ வச்சுருச்சு.

"அங்கனயா? ஏப்பா, கண்ணு தெரியலையா உங்களுக்கு? காய்ச்சக்காரகளப் புதைச்ச எடம்ல அது!"

அந்த வருசம் எஸ்டேட்டுல குளிர்காய்ச்சல். மலைக்கு மேல மருந்து இல்லேன்னு காய்ச்சல் கண்ட கூலிக்காரக நடந்தே இறங்கி வந்திருக்காக, குடும்பத்தை லயத்துல விட்டுட்டு. வந்த எடத்துல ரோட்டோரத்துலயும் சாவடியிலயும் செத்துப் போயிருக்காக. சொந்தம் பந்தம் யாருன்னு தெரியாம ஊருல நாலு பேரு சேந்து ஆத்து மணல்ல புதைச்சிருக்காக. நாங்க மேல் மணலைத்தான் அள்ளியிருக்கோம், நல்ல வேளை, அதுக்குக் கீழ தோண்டல. "ஒருத்தி இங்கனதான் உக்காந்திருந்தா, இந்தக் கல்லுல. கஞ்சி குடுத்தேன். புள்ளைக மேல இருக்கு அக்கா, போயிறணும், போயிறணும்னே சொல்லிக்கிட்டு இருந்தா. விடியக்குள்ள செத்துப் போயிட்டா"ன்னு சொல்லிட்டு அக்கா கண்ணைத் துடைச்சுக்கிச்சு.

வீரணன் அப்படியே தரையில உக்காந்துட்டான். "அண்ணே, நான் கூப்பிட்டேன்ணே. குமுளி, குமுளி, எல்லாரும் ஏறுங்கன்னு நான்தானே கூப்பிட்டேன்." அப்பறம், "மண்ணை எடுத்த எடத்துலயே கொட்டிட்டு, மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டுப் போயிருவோம்ணே"ன்னு சொன்னான்.

நான் யோசிச்சேன். தம்பி, அப்பவும் எனக்கு நம்பிக்கை இல்ல, சத்தியமா இல்ல. ஆனா ஒரு டிரைவருக்கு ஒரு நாயம் இருக்குல்ல. ஏறுங்கன்னு நாம கூப்பிட்டோம். ஏறுனாக. இறங்க வேண்டிய எடம் வந்ததும் மணி அடிச்சாக. நாம நிறுத்தாம மேல கொண்டு போயி, திரும்பக் கீழேயே கொண்டாந்து, ஏறுன எடத்துலயே தள்ளி விட்டுட்டுப் போனா அது என்ன பொழப்பு? "ஏறுடா வண்டியில, திரும்ப மலைக்குப் போறோம்"னேன். வீரணனுக்குப் பைத்தியம் புடிச்ச மாதிரி ஆயிருச்சு. "முழு லோடோட அந்த மேட்டுல நிறுத்துனா எடுக்காதுண்ணே, பாஸான வண்டியைப் பள்ளத்துல விடப் போறீகளா?"ன்னு கத்துறான். அவன் சொன்னது நெசம். போச்சுன்னா வேலை, வண்டி, அவன் கலியாணம், எல்லாம் போச்சு, முதலாளிகிட்டச் சொல்றதுக்கும் ஒரு காரணம் கிடையாது. "மூட்டையைக் கொறைச்சுக்குவோமா?"ன்னான். எந்த மூட்டையில யாருன்னு உனக்குத் தெரியுமாடான்னு கேட்டேன். கரியைக் கொட்டப் போயிட்டான். பேச்சியக்கா கடையைப் பக்கத்துக் கடைக்காரிகிட்ட விட்டுட்டு, யாரையும் கேக்காம வந்து இன்ஸ்பெக்டர் உக்காந்த சீட்டுல உக்காந்துக்கிச்சு.

வெயில் சாயுற நேரம், ஆனா நல்ல வெளிச்சம். காலையில ஏறுன மாதிரியே ஏறுனேன். பலா மரம் கண்ணுல பட்டதும், டிங். ஒரு மணி.

நிறுத்துனேன். கை பிரேக்கை இழுத்துப் புடிச்சேன், வீரணன் குதிச்சு பின் சக்கரத்துக்குக் கட்டையைப் போட்டான். கட்டை மேல டயர் நறநறன்னு உக்காந்துச்சு. இன்ஜின் ரெண்டு தடவை இருமிட்டு அணைஞ்சு போச்சு. பேச்சியக்கா பின்னால திரும்பி, வீட்டுக்கு வந்த சனத்துகிட்டப் பேசுற மாதிரி, "எடம் வந்துருச்சு ஆத்தா, இறங்குங்க. பாத்து இறங்குங்க. அய்யா, நீங்களும் இறங்குங்க"ன்னு சொல்லுச்சு.

வண்டி எந்திரிச்சது.

லேசா, படிப் பக்கம். ஒரு ஆளு இறங்குனா எந்திரிக்குமே, அந்த மாதிரி. நோஞ்சான் ஆளு. ஒரு ஆளுதான்னு நினைச்சேன், கஞ்சி குடிச்சாளே அவதான்னு நினைச்சேன். திரும்பவும் எந்திரிச்சது. திரும்பவும். நிக்கவே இல்ல தம்பி. பொறுமையா, ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தரா, வயசானவுக இறங்குறப்ப ஆகுற தாமசம் கூட எனக்குத் தெரியுது. காதுக்கு ஒரு சத்தமும் இல்ல, பலா இலை அசையுற சத்தம் மட்டும்தான். பேச்சியக்கா என் கையைப் புடிச்சுக்கிச்சு, அதுக்கும் தெரிஞ்சிருக்கு. கண்ணாடியில பாத்தேன், மூட்டை எல்லாம் வச்சது வச்ச எடத்துல, கட்டுன வாய் கட்டுனபடி.

அப்பறம் வண்டி அசையாம நின்னுச்சு. வீரணன் பின்னால போயி கரி பீப்பாயோட கைப்பிடியைச் சுத்த ஆரம்பிச்சான். கீச்சு கீச்சுன்னு அந்தச் சத்தம் நிக்காம வருது. கேஸ் வர நேரம் ஆகும்னு நான் காத்துக்கிட்டு இருக்கேன், எடுக்குமோ எடுக்காதோன்னு மனசு அடிச்சுக்குது. அந்தக் கீச்சு கீச்சுக்கு நடுவுலதான் அது அடிச்சுச்சு. டிங் டிங். ரெண்டு மணி. போகலாம்.

இன்ஜினைக் கிளப்புனேன். முதல் இழுப்புலயே எடுத்துச்சு, அத்தனை மூட்டையோட, காலி வண்டியாட்டம் சரசரன்னு மேல ஏறுச்சு. கட்டையை எடுத்துக்கிட்டு ஓடி வந்து தொத்துன வீரணன், "அண்ணே, நான் உதைக்கவே இல்லண்ணே, கட்டை கையோட வந்துருச்சு, அது மேல கனமே இல்ல"ன்னு சொன்னான். நீ மணி அடிச்சியான்னு கேட்டேன். அவன் ரெண்டு கையும் கரியாக் கிடந்துச்சு. கயித்துல ஒரு பொட்டுக் கரி இல்ல.

குமுளியில திருப்பிக்கிட்டு வந்து, பலா மரத்தடியில மூட்டையை எல்லாம் அவுத்து மணலைக் கொட்டுனோம். ஒவ்வொரு மூட்டையும் முழுக் கனம், ரெண்டு பேரு சேந்து தூக்க வேண்டியிருந்துச்சு. பேச்சியக்கா அந்த மணல் மேல ஒரு கை அவிச்ச கடலையை வச்சுட்டு வந்துச்சு, புள்ளைகளுக்குன்னு. வீரணன் கலியாணம் நல்லபடியா நடந்துச்சு. வண்டிக்குப் பெர்மிட்டும் கிடைச்சு, வருசக்கணக்கா அதே மலையில அதை நான்தான் ஓட்டுனேன். முதலாளிகிட்ட இதை ஒரு நாளும் சொல்லல, எதுக்குச் சொல்லணும்?

இதுக்கெல்லாம் நீங்க ஒரு காரணம் சொல்லுவீக. கயிறு அவுந்துச்சு, மேட்டுல நின்ன வண்டிக்கு ஸ்பிரிங் தானா ஏறி இறங்குச்சு, காத்து மாறுனதுல கேஸ் நல்லாப் பிடிச்சுச்சு. சொல்லிக்கங்க, நானே எனக்குச் சொல்லிப் பாத்திருக்கேன். ஆனா இதுக்கும் ஒரு காரணம் சொல்லுங்க பாப்போம். அன்னையில இருந்து அந்த வண்டி காலியா நிக்கிறப்ப கூட பின்னால இடது பக்கம், கடைசி ஜன்னலோரம், எப்பவும் லேசா அமுங்கியே நிக்கும், ஒரு ஆளு உக்காந்திருக்கிற மாதிரி. ஸ்பிரிங் பட்டையை மாத்திப் பாத்தோம், தேனி பட்டறையில வண்டியையே தூக்கி வச்சுப் பாத்தாக, ஒரு குத்தமும் இல்லேன்னு சொல்லிட்டாக. இறங்க வேண்டியவுக எல்லாரும் அன்னைக்கு இறங்கிட்டாகன்னே வச்சுக்கங்க. ரெண்டு மணி அடிச்சு என்னைப் போகச் சொன்னவுக இறங்கல. அவுக எங்க இறங்கணும்னு கடைசி வரைக்கும் மணி அடிக்கவே இல்ல தம்பி.